புதிய தீர்ப்புகளையும் சட்ட ஆய்வுகளையும் விடாமல் படிப்பது எப்படி? ஜூனியர் வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன். பாதி கிரிமினல், பாதி சிவில். டெல்லியிலும் சென்னையிலும் என்ன தீர்ப்பு வந்தது என்பது முன்பெல்லாம் தபாலில் வரும் சட்ட இதழைப் பிரித்தால்தான் எங்கள் பார் ரூமுக்குத் தெரியும். இப்போது செல்போனில் வந்து குவிகிறது. இருந்தும் ஜூனியர்களின் தவிப்பு குறையவில்லை. எதைப் படிப்பது, எதை நம்புவது, படித்ததை எப்படிக் கையில் வைத்துக்கொள்வது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தினமும் இத்தனை தீர்ப்புகள் வருகின்றனவே, எல்லாவற்றையும் படிக்க முடியுமா?

முடியாது, யாரும் படிப்பதும் இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கு 34 நீதிபதிகள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் 75. இவர்கள் ஒரு வாரத்தில் எழுதுவதை ஒருவர் ஒரு வருடம் உட்கார்ந்தாலும் முடிக்க மாட்டார்.

உங்கள் மேசையில் இருக்கும் கட்டுகளை எண்ணிப் பாருங்கள். செக் கேஸ் எத்தனை, மோட்டார் விபத்து எத்தனை, பாகப்பிரிவினை எத்தனை, ஜாமீன் எத்தனை என்று பார்த்தால் நான்கைந்து தலைப்புக்குள் அடங்கிவிடும். அந்தத் தலைப்புகளில் வரும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எதையும் விடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் முக்கியமானவற்றைப் படியுங்கள். இவை தவிர அரசியல் சாசன அமர்வின் (ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் கொண்டது) தீர்ப்பு எந்தத் தலைப்பில் வந்தாலும் அதன் முடிவுப் பகுதியையாவது படித்துவிடுங்கள். மற்றதையெல்லாம் தேவைப்படும் அன்றைக்குத் தேடிக்கொள்ளலாம்.

படிக்காமல் விட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். 2018 மார்ச் 28-ல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஒரு தீர்ப்பு சொன்னார்கள். சிவிலோ கிரிமினலோ, விசாரணைக்கு உயர் நீதிமன்றம் தடை கொடுத்திருந்தால் அந்தத் தடை ஆறு மாதத்தில் தானாகவே முடிந்துவிடும். நீட்டிக்க வேண்டுமென்றால் காரணம் சொல்லித் தனியாக உத்தரவு வாங்க வேண்டும். கீழமை நீதிமன்றங்களில் இந்தத் தீர்ப்பைக் காட்டாத வக்கீல் இல்லை. நானும் பல முறை காட்டியிருக்கிறேன்.

2024 ஏப்ரலில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. என் கட்சிக்காரர் கணவரை இழந்த அம்மா. எதிர்த்தரப்பு வாங்கிய தடையால் வழக்கு ஒன்றரை வருடம் நின்றுபோயிருந்தது. ஆறு மாதம் தாண்டிவிட்டது, தடை போய்விட்டது, சாட்சி விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று மெமோ போட்டேன். எதிரில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எழுந்து ஒரு தீர்ப்பின் நகலை எனக்கு ஒன்று, நீதிபதிக்கு ஒன்று என்று நீட்டினார். 2024 பிப்ரவரி 29 தேதியிட்டது, ஐந்து நீதிபதிகள். அலகாபாத் உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கு. ஆறு மாதத்தில் தடை தானாக விலகும் என்று 2018-ல் சொன்னது சரியல்ல என்று சொல்லி, அந்த விதியையே எடுத்துவிட்டிருந்தார்கள். என் மெமோ அங்கேயே தள்ளுபடி ஆனது.

அந்த அம்மா இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தடையை நீக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுவதுதான் சரியான வழி. அதை மார்ச் முதல் வாரமே செய்திருக்கலாம். தீர்ப்பு வந்ததை நான் கவனிக்காததால் அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வீணாயிற்று. அன்றிலிருந்துதான் வாரத்தில் ஒரு நாளைத் தீர்ப்பு படிப்பதற்கென்றே ஒதுக்கினேன்.

வக்கீல்கள் மட்டுமல்ல, அதிகாரிகள் கவனிக்காவிட்டாலும் நஷ்டம் மக்களுக்குத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் அதே பிரிவில் எஃப்.ஐ.ஆர். போட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லாத சட்டத்தில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

செய்தியில் வந்துவிடுகிறதே, அதைப் படித்தால் போதாதா?

தீர்ப்பு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள செய்தி போதும். லைவ் லா, பார் அண்ட் பெஞ்ச் போன்ற தளங்கள் அன்றைக்கன்றே போட்டுவிடுகின்றன. அதை வைத்து வாதாடக் கூடாது. ஏன் என்றால், செய்தியில் மூன்று விஷயங்கள் எப்போதும் கலந்து கிடக்கும்.

ஒன்று, விசாரணையின்போது நீதிபதி வாயால் கேட்ட கேள்வி. ‘உச்ச நீதிமன்றம் கண்டனம்’ என்று தலைப்பு வரும். உத்தரவைப் பார்த்தால் அதில் ஒரு வரிகூட இருக்காது. வாய்மொழியாகச் சொன்னது சட்டமாகாது.

இரண்டாவது, சிறப்பு அனுமதி மனு தள்ளுபடி ஆகும் செய்தி. ‘உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது’ என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் அப்படி அல்ல. காரணம் சொல்லாமல் ஒற்றை வரியில் மனுவைத் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றம் சொன்ன சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்று பொருள் இல்லை; மேல்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை, அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டு குஞ்ஞயம்மது எதிர் கேரள மாநிலம் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். ஒரு ஜூனியர் கட்டாயம் முழுசாகப் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

மூன்றாவது, தொடர்ச்சி. தமிழ்நாடு ஆளுநர் வழக்கில் 2025 ஏப்ரல் 8-ல் இரண்டு நீதிபதிகள் அமர்வு, நிறுத்திவைக்கப்பட்ட பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது; ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வைத்தது. அன்று ஊரெல்லாம் அதுதான் பேச்சு. குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் கருத்து சொன்னார்கள்: நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது என்பதற்கு அரசியல் சாசனத்தில் இடமில்லை. ஏப்ரல் செய்தியோடு நின்றுவிட்ட மாணவர் தேர்வில் என்ன எழுதுவார்?

தீர்ப்பின் முழு வாசகம் இலவசமாக எங்கே கிடைக்கும்?

நிறைய இடங்களில் கிடைக்கும். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தன் அதிகாரப்பூர்வத் தீர்ப்புத் தொகுப்பை இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் இணையத்தில் திறந்துவிட்டது. இப்போது டிஜிட்டல் எஸ்.சி.ஆர். தளத்தில் 1950 முதலான தொகுதிகளை ஒரு ரூபாய் கட்டாமல் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம். நீதிமன்றம் அங்கீகரித்த பதிப்பு என்பதால் தாக்கல் செய்யவும் இதுதான் நல்லது.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-கோர்ட்ஸ் அமைப்பின் தீர்ப்புத் தேடல் தளம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் சொந்தத் தளமும் இருக்கிறது. மதுரைக் கிளையின் தீர்ப்புகளையும் சேர்த்துத் தேட மறந்துவிடாதீர்கள். 2004 ஜூலையிலிருந்து அங்கிருந்து வரும் நிலத் தகராறு, கோயில் நிலத் தீர்ப்புகள் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மிகவும் பயன்படும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேட இந்தியன் கானூன். 2008-ல் சுஷாந்த் சின்ஹா என்ற மென்பொருள் பொறியாளர் தொடங்கியது. சந்தா கட்ட வசதியில்லாத எத்தனையோ ஜூனியர்களுக்குக் கைகொடுத்த தளம். அவருக்கு நம் தொழில் பெரிய கடன்பட்டிருக்கிறது.

அப்புறம், தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிற்சியகம் மாதந்தோறும் முக்கியத் தீர்ப்புகளைச் சுருக்கித் தொகுத்து வெளியிடுகிறது. கீழமை நீதிபதிகளுக்காகத் தயாரிப்பது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் நீதிபதி எதைப் படிக்கிறாரோ அதையே நீங்களும் படிக்கலாம் என்றால் விடலாமா? எங்கள் ஊரில் இது பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

சந்தா கட்டும் இதழ்கள் இனி வேண்டாமா?

முடிந்தால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் லா ஜர்னல் 1891-லிருந்து வருகிறது, லா வீக்லி 1914-லிருந்து. எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) 1969-ல் தொடங்கியது. இந்த இதழ்களின் மதிப்பே தேர்ந்தெடுப்பதில்தான். வருகிற குவியலில் எது புதிதாக ஒன்றைச் சொல்கிறது என்று அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் பார்த்து எடுத்துக் கொடுக்கிறார். தனியாகக் கட்ட முடியாவிட்டால் நான்கு ஜூனியர்கள் சேர்ந்து கட்டுங்கள். சீனியர் ஆபீசிலோ சங்க நூலகத்திலோ இருந்தால் இன்னும் நல்லது.

தீர்ப்பின் மேல் ‘2024 ஐஎன்எஸ்சி 150’ என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

நியூட்ரல் சைட்டேஷன். 2023 முதல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளுக்குக் கொடுக்கும் வரிசை எண். ஆண்டு, நீதிமன்றத்தின் குறி, எண். மேலே சொன்ன தடை உத்தரவுத் தீர்ப்பின் எண்தான் இது. முன்பு ஒரே தீர்ப்புக்கு ஏ.ஐ.ஆரில் (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) ஒரு எண், எஸ்.சி.சி.யில் ஒரு எண், எம்.எல்.ஜே.யில் (மெட்ராஸ் லா ஜர்னல்) ஒரு எண் என்று இருந்ததால், எந்தப் புத்தகம் உங்களிடம் இல்லையோ அந்த எண்ணைத்தான் எதிர்த்தரப்பு சொல்லும். இப்போது யாரும் எந்த நூலகத்தையும் நம்பி இருக்க வேண்டாம். மனுவில் இந்த எண்ணையும் சேர்த்து எழுதிப் பழகுங்கள்.

முந்நூறு, ஐந்நூறு பக்கத் தீர்ப்பை எப்படிப் படிப்பது?

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். முதலில் எத்தனை நீதிபதிகள், எத்தனை பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து, முடிவுப் பத்தி. பிறகு ‘எங்கள் முன் உள்ள கேள்விகள்’ என்று அமர்வு தானே வகுத்துக்கொண்ட பகுதி. கேள்வியும் விடையும் கையில் கிடைத்துவிட்டால், நடுவில் எந்தக் காரணத்தால் அந்த விடைக்குப் போனார்கள் என்று தேடிப் படிப்பது சுலபம். அந்தக் காரணம்தான் ரேஷியோ. அது மட்டும்தான் கட்டுப்படுத்தும். போகிற போக்கில் சொன்னது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓபிட்டர்தான்.

பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்ற 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாப் எதிர் தவிந்தர் சிங். ஏழு நீதிபதிகள், ஆறுக்கு ஒன்று. தமிழ்நாட்டின் 2009 அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டமும் அதில் வருகிறது. மொத்தம் ஆறு தீர்ப்புரைகள். பட்டியல் சாதிகளுக்கும் கிரீமி லேயர் (வசதி படைத்தவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவது) வேண்டும் என்று சில நீதிபதிகள் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, ‘உச்ச நீதிமன்றம் கிரீமி லேயர் கொண்டுவந்துவிட்டது’ என்று பலர் பேசினார்கள். அமர்வின் முன் இருந்த கேள்வியே அது அல்ல. கேள்விப் பகுதியை முதலில் படித்தவர் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்.

ஹெட்நோட் மட்டும் படித்தால்?

ஹெட்நோட் தீர்ப்பின் பகுதி அல்ல. பதிப்பாசிரியர் எழுதிய சுருக்கம் அது. அதனால்தான் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோதக் வழக்கில், தீர்ப்பின் மூல வாசகம் பொதுச் சொத்து, ஹெட்நோட் பதிப்பாளருடையது என்று பிரித்தார்கள். உள்ளே நுழைய வாசல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி முன் அதை வாசிக்காதீர்கள்.

ஒரு தீர்ப்பு இன்றும் செல்லுபடியாகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. இந்தியன் கானூனில் தீர்ப்பைத் திறந்தால், பிற்காலத்தில் எந்தெந்தத் தீர்ப்புகள் இதை மேற்கோள் காட்டின என்ற பட்டியல் வரும். அதில் புதியதிலிருந்து பழையதற்கு வாருங்கள். அதிக நீதிபதிகள் கொண்ட அமர்வின் பெயர் கண்ணில் பட்டால் அங்கே நின்று படியுங்கள். பதினைந்து நிமிட வேலை.

இதைச் செய்யாமல் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் ஜூனியர்களிடம் சொல்லும் உதாரணம் இந்தியா சிமெண்ட்ஸ் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. 1989-ல் ஏழு நீதிபதிகள் சொன்னது. சுண்ணாம்புக்கல் வெட்டுவதற்குக் கட்டும் ராயல்டியின் மேல் மாநில அரசு செஸ் (மேல்வரி) போடலாமா என்பது கேள்வி. அந்தத் தீர்ப்பில் ‘ராயல்டி ஒரு வரி’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. 2004-ல் கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அந்த வாக்கியத்தை உற்றுப் பார்த்தார்கள். முன்பின் வாசகத்தோடு சேர்த்துப் படித்தால், ‘ராயல்டியின் மீதான செஸ் ஒரு வரி’ என்றுதான் எழுத நினைத்திருக்க வேண்டும், நடுவில் வார்த்தைகள் விட்டுப்போன எழுத்துப் பிழை இது என்றார்கள். ஏழு பேர் சொன்னதை ஐந்து பேர் பிழை என்று சொல்ல முடியுமா? 2011-ல் விஷயம் ஒன்பது நீதிபதிகளுக்குப் போனது. 2024 ஜூலை 25-ல்தான், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரி அல்ல என்று முடிவாயிற்று. இந்தியா சிமெண்ட்ஸ் தீர்ப்பு அந்த அளவில் போயிற்று. முப்பத்தைந்து வருடம்! இடைப்பட்ட காலத்தில் இந்த விஷயத்தில் வாதாடியவர் ஒவ்வொருவருக்கும் 1989 தீர்ப்பும் 2004 தீர்ப்பும், 2011-ல் விஷயம் ஒன்பது பேருக்குப் போனதும் வரிசையாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போனவர் பாதி சட்டத்தோடு போனார்.

தீர்ப்பைத் தீர்ப்புதான் மாற்றும் என்றும் இல்லை. செக் வழக்கை எந்த ஊரில் போட வேண்டும் என்று 2014-ல் தசரத் ரூப்சிங் ரத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2015-ல் நாடாளுமன்றம் சட்டத்திருத்தம் செய்து மாற்றிவிட்டது. ஆகவே சட்டப்பிரிவின் இன்றைய வாசகத்தையும் கூடவே பாருங்கள்.

இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் முரண்பட்டால் எதை எடுத்துக்கொள்வது?

அதிக நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னதை. எண்ணிக்கை சமம் என்றால், முன்னால் வந்தது நிற்கும். அதைக் கவனிக்காமல் பின்னால் வந்தது பெர் இன்கூரியம், அதாவது கட்டுப்படுத்தும் தீர்ப்பைப் பார்க்காமல் சொன்னது. 2017 அக்டோபர் 31-ல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் இதை மோட்டார் விபத்து இழப்பீட்டில் வைத்தே விளக்கினார்கள். 2013-ல் ரேஷ்மா குமாரி, ராஜேஷ் என்று மூன்று நீதிபதிகள் அமர்வின் இரண்டு தீர்ப்புகள். பின்னால் வந்த ராஜேஷ், முன்னதைக் கவனிக்கவில்லை, ஆகவே கட்டுப்படுத்தாது. அதே தீர்ப்பில்தான் சுயதொழில் செய்து 40 வயதுக்குள் இறந்தவருக்கு எதிர்கால வருமானமாக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்ற கணக்கும் வருகிறது. விபத்து வழக்கு நடத்துகிறவர்களுக்கு மனப்பாடமாகவே இருக்க வேண்டும்.

வேறு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பு நம் ஊரில் கட்டுப்படுத்தாது. காட்டலாம், ஏற்பது நீதிபதி விருப்பம்.

ஒரு தலைப்பைத் தொடர்ந்து பார்ப்பது என்றால் எப்படி? ஒன்றைக் காட்டுங்களேன்.

கைது செய்யும்போது காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். அரசியல் சாசனத்தின் 22(1) பிரிவு, காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எப்படி என்று சொல்லவில்லை.

2023 அக்டோபர் 3: பங்கஜ் பன்சால். பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் அமலாக்கத் துறை கைது செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.
2024 மே 15: பிரபீர் புர்காயஸ்தா. அதே பாதுகாப்பு ஊபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்குக்கும் உண்டு.
2025 பிப்ரவரி 7: விஹான் குமார். எந்தக் குற்றமானாலும் காரணத்தைப் புரியும்படி தெரிவிக்காவிட்டால் கைதே சட்டவிரோதம்.
2025 நவம்பர் 6: மிஹிர் ராஜேஷ் ஷா. எல்லாக் குற்றங்களுக்கும் எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில். உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லி, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில்.

என் நோட்டில் இது ஒரு பக்கம். பெரிய பணக்கார வழக்கில் தொடங்கிய ஒரு வரி, இரண்டே வருடத்தில் திருட்டு வழக்கில் பிடித்துவரப்பட்ட பையன் வரை இறங்கி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் ரிமாண்டுக்கு நிற்கும் ஜூனியருக்கு இந்த ஒரு பக்கம் தெரிந்திருந்தால், ‘காரணம் எழுதிக் கொடுத்த தாள் எங்கே, தமிழில் இருக்கிறதா, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்’ என்று கேட்க முடியும். அந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் உள்ளே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதை நினைத்தாவது படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

புதிய கிரிமினல் சட்டங்கள் வந்த பிறகு பழைய தீர்ப்புகள் வீணா?

இல்லை. 2024 ஜூலை 1 முதல் சட்டப்பிரிவுகளின் எண்கள் மாறின. வாசகம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, இருக்கும் இடங்களில் பழைய தீர்ப்பு பொருந்தும். ஆனால் எண்ணை மட்டும் நம்பித் தேடாதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய சட்டத்தில் 482 முன்ஜாமீன். பழைய 482 இப்போது 528. இரண்டு பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் கூடியது, எது குறைந்தது என்று பார்த்த பிறகே பழைய தீர்ப்பை எடுத்துக்காட்டுங்கள்.

சட்ட ஆய்வுக் கட்டுரையெல்லாம் பேராசிரியர்களுக்குத்தானே? மாவட்ட நீதிமன்றத்தில் அதற்கு என்ன வேலை?

நாளைய தீர்ப்பு இன்றைக்கு ஒரு கட்டுரையாகத்தான் இருக்கும். 1965-ல் டீட்ரிச் கான்ராட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அரசியல் சாசனத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு வெளிப்படையாக எழுதாத வரம்பு இருக்கிறதா என்று கேட்டார். அந்த உரை சென்னையில் தொழில் நடத்தி வளர்ந்த எம்.கே. நம்பியார் கைக்கு வந்தது. 1967-ல் தீர்ப்பு வந்த கோலக்நாத் வழக்கில் அந்த வாதத்தை அவர் உச்ச நீதிமன்றத்தில் வைத்தார். அன்று நீதிமன்றம் அதற்கு முடிவு சொல்லவில்லை. 1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்கில் பதிமூன்று நீதிபதிகளில் ஏழு பேர், நாடாளுமன்றம் திருத்தி மாற்ற முடியாத ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்று சொன்னார்களே, அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இன்னொன்று. மதுரா வழக்கில், காவல் நிலையத்தில் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையில் போலீஸ்காரர்களை 1978-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1979-ல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார்கள். தீர்ப்பின் தர்க்கத்தை வரிவரியாக எடுத்து, இணங்கிப் போவதும் சம்மதமும் ஒன்றா என்று கேட்ட கடிதம். நாடெங்கும் கிளம்பிய எதிர்ப்பின் முடிவில் 1983-ல் சட்டமே திருத்தப்பட்டது. இன்றைக்கும் மகளிர் நீதிமன்றத்தில் சம்மதம் பற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறவர் அந்த நான்கு பேரின் கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார்.

எங்கே படிப்பது என்றால், பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் மாணவர்கள் நடத்தும் நேஷனல் லா ஸ்கூல் ஆஃப் இந்தியா ரிவ்யூ, கொல்கத்தாவின் என்.யு.ஜே.எஸ். லா ரிவ்யூ ஆகியவை இணையத்தில் இலவசம். சட்ட ஆணையத்தின் அறிக்கைகள் அனைத்தும் இலவசம். ஒரு பிரிவின் வரலாறு தெரிய அதைவிட நல்ல இடம் இல்லை. எஸ்.எஸ்.ஆர்.என். தளத்தில் கட்டுரைகள் அச்சேறும் முன்பே வந்துவிடும். ஜேஸ்டோர் என்ற கட்டுரைக் களஞ்சியத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு படிக்கலாம். அரசியல் சாசன அமர்வு வழக்குகளுக்கு சுப்ரீம் கோர்ட் அப்சர்வர் தளம். மாதம் ஒரு கட்டுரை போதும். முடிவுரையை விட அடிக்குறிப்புகளைக் கவனியுங்கள்; நீங்கள் தேடி அலைந்த தீர்ப்பு அங்கே ஒளிந்திருக்கும்.

தமிழில் படிக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் போதவில்லை. 2019 முதல் உச்ச நீதிமன்றம் தேர்ந்தெடுத்த தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தன் தளத்தில் போடுகிறது. சுவாஸ் என்ற மென்பொருள் மொழிபெயர்க்க, ஆட்கள் சரிபார்க்கிறார்கள். கட்சிக்காரருக்குக் கொடுக்க நன்றாக இருக்கும். செல்லத்தக்கது ஆங்கில மூலம்தான். அரசியல் சாசனத்தின் 348-வது பிரிவு உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்கிறது. தமிழையும் சேர்க்கக் கோரி 2006-ல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் இன்னும் நடக்கவில்லை. தன் வீட்டைப் பற்றிய தீர்ப்பைத் தன் மொழியில் படிக்க ஒருவருக்கு உரிமை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலம் தடுமாறும் ஜூனியர்களுக்குச் சொல்கிறேன்: படித்த தீர்ப்பைத் தமிழில் பத்து வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் தீர்ப்பு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

சாட்ஜிபிடி போன்றவற்றைக் கேட்டால் தீர்ப்பு சொல்லிவிடுகிறதே?

இல்லாத தீர்ப்பையும் சொல்லிவிடும். 2023-ல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் வக்கீல்கள் அப்படிக் கிடைத்த பொய்த் தீர்ப்புகளைத் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இங்கேயும் பெங்களூருவில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் போட்ட ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் நுழைந்து, அந்த உத்தரவையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தேடும் சொற்களுக்கு யோசனை கேளுங்கள், நீண்ட பத்தியை எளிமையாக்கச் சொல்லுங்கள். சரி. ஆனால் மூல வாசகத்தை நீங்கள் கண்ணால் பார்க்காத எந்தத் தீர்ப்பும் உங்கள் மனுவில் ஏறக் கூடாது.

எவ்வளவு நேரம் ஒதுக்குவது? குறிப்பு எப்படி எடுப்பது?

தினமும் பத்து நிமிடம் தலைப்புகள் மட்டும். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் தீர்ப்பு. என்னுடையது சாதாரண நீளநோட்டு. தலைப்புக்கு நான்கு பக்கம். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

‘தடை உத்தரவு. 29.2.2024. ஐந்து நீதிபதிகள். 2024 ஐஎன்எஸ்சி 150. ஆறு மாதத்தில் தானாகப் போகாது. 2018 ஏஷியன் ரீசர்ஃபேசிங் போயிற்று. வழி: உயர் நீதிமன்றத்தில் தடை நீக்க மனு.’

பழைய பக்கத்தில் இருக்கும் 2018 பதிவையும் அன்றே சிவப்பு மையால் அடித்துவிட வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. என் வழக்குக்குப் பொருந்தும் தீர்ப்பை நானே தேடலாமா?

தாராளமாக. தேடிக் கிடைத்ததை உங்கள் வக்கீலிடம் கொடுங்கள், ‘சார், இது நமக்குப் பொருந்துமா’ என்று கேளுங்கள். நல்ல வக்கீல் கோபப்பட மாட்டார். பொருந்தாது என்றால் ஏன் என்று சொல்வார். சங்கதிகள் கொஞ்சம் மாறினாலும் தீர்ப்பு பொருந்தாமல் போகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

தீர்ப்பைக் கோர்ட்டில் எப்படிக் காட்டுவது?

முழுத் தீர்ப்பையும் பிரிண்ட் எடுங்கள்; நடுவில் இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். நீதிபதிக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. பக்கத்தைச் சொல்லாமல் பத்தி எண்ணைச் சொல்லுங்கள். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பத்தி பெரும்பாலும் மாறாது. உங்களுக்கு எதிராக ஒரு தீர்ப்பு இருப்பது தெரிந்தால் அதையும் நீங்களே எடுத்துச் சொல்லி, எப்படி வேறுபடுகிறது என்று விளக்குங்கள். மறைத்தது எதிர்த்தரப்பு வாயிலிருந்து வந்தால், அதற்குப் பிறகு நீங்கள் நீட்டும் எந்தத் தாளையும் அந்த நீதிபதி இரண்டு முறை புரட்டிப் பார்ப்பார்.